பன்னிரண்டு கதவுகளும் ஒரே திசையில்

ஒரு சனிக்கிழமை மதியத்திலிருந்து செவ்வாய்க்கிழமை இரவு வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். ஆறு கட்டடங்களின் கதவு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதுதான் காரணம். அந்தக் கட்டடங்கள் அப்போது தரைக்கு மேலே எழும்பவில்லை. தாளில் இருந்தன, தரையில் பள்ளமாக இருந்தன. புதன்கிழமை காலை அந்தப் பள்ளங்களில் கான்கிரீட் விழுவதாக இருந்தது. விழுந்துவிட்டால் பிறகு கதவு திரும்பாது.

எண்பதுகளின் கடைசி அது. தாம்பரத்தில் ஓர் அரசு வடிவமைப்பு அலுவலகத்தில் நான் இளநிலைப் பொறியாளர். ராணுவத்துக்கு வெடிமருந்து வைக்கும் கிடங்குகளை வரைவது எங்கள் பிரிவின் வேலை. அந்தக் குறிப்பிட்ட கிடங்குகள் எங்கே கட்டப்பட்டன என்று அப்போதும் நான் யாரிடமும் சொன்னதில்லை, இப்போதும் சொல்லப்போவதில்லை. தாம்பரத்திலிருந்து ஜீப்பில் ஒரு மணி நேரம், பக்கத்தில் ஓர் ஏரிக்கரை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அதுகூட அதிகமோ என்று எழுதும்போதே தோன்றுகிறது.

கிடங்கு என்றால் பெரிய மர்மம் எதுவும் இல்லை. ஒரு பீப்பாயை நீளவாக்கில் பாதியாக வெட்டிக் கவிழ்த்து வைத்ததுபோல ஒரு கான்கிரீட் அறை. அதன் முதுகிலும் இரண்டு பக்கங்களிலும் தலைமேலும் கனமாக மண் போர்த்திப் புல் வளர்த்துவிடுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு சின்ன மேடு. முன்பக்கம் மட்டும் மண் கிடையாது. அங்கேதான் சுவரும் இரும்புக் கதவும். உள்ளே ஏதாவது ஆகிவிட்டால் மண் மூன்று பக்கத்தையும் தாங்கிக்கொள்ளும். வேகமெல்லாம் கதவுப் பக்கமாக வெளியே வரும். எங்கள் அலுவலகத்தில் யாரும் ‘வெடித்தால்’ என்று சொல்லவே மாட்டார்கள். ‘ஏதாவது ஆகிவிட்டால்’ என்றுதான் சொல்வார்கள். கைக்குழந்தையைப் பற்றிப் பேசும்போது நானும் அதே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு கிடங்கில் ஏதாவது ஆவதை முழுக்கத் தடுத்துவிட முடியும் என்று எந்தப் பொறியாளரும் சொல்ல முடியாது. ஒன்றில் ஆனது அடுத்ததற்குப் போகாமல் பார்த்துக்கொள்ள முடியும். எங்கள் வேலையின் சாரமே அதுதான். அதற்கு ஒரு எளிய வழி, எல்லாக் கிடங்குகளும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். ஒன்றின் கதவுக்கு எதிரே இன்னொன்றின் மண் முதுகுதான் இருக்க வேண்டும், அதன் கதவு இருக்கக் கூடாது.

இது எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் கோட்டைவிட்டேன்.

நான் எதையும் இரண்டு முறை பார்ப்பவள். அஸ்தினாபுரத்தில் நாங்கள் குடியிருந்த மாடிப் போர்ஷனிலிருந்து இறங்கித் தெருமுனைவரை போய், மண்ணெண்ணெய் அடுப்பை அணைத்தேனா என்று திரும்பி வருவேன். அணைத்துத்தான் இருக்கும். மறுபடி போகும்போது, பார்த்தது இன்றைக்கா நேற்றா என்று சந்தேகம் வரும். கீழ் வீட்டில் தையல் மெஷின் வைத்திருந்த அக்காதான் பகலில் என் மகளைப் பார்த்துக்கொண்டார். அவர் நான் தெருமுனையில் திரும்புவதைப் பார்த்ததும் ஜன்னல் வழியாகவே, “அணைஞ்சுதான் இருக்கு, நீ ட்ரெயினப் புடி” என்பார். அலுவலகத்திலும் என் பழக்கம் தெரிந்த விஷயம்தான். கணக்குத் தாளைக் கொடுத்துவிட்டுப் பத்து நிமிடத்தில் திரும்ப வாங்கிப் பார்ப்பேன். பெரும்பாலும் முதலில் போட்டதே சரியாக இருக்கும்.

இப்படிப்பட்டவள் ஒரு தாளை ஒரே ஒரு முறை பார்த்துக் கையெழுத்துப் போட்டேன் என்றால், அது பிரசவ விடுப்பு முடிந்து திரும்பிய முதல் வாரம்.

முதலில் அந்தத் திட்டத்தில் ஆறு கிடங்குகள்தான், ஒரே வரிசை. அந்த வரைபடம் நான் விடுப்பில் போவதற்கு முன்பே முடிந்திருந்தது. நான் வீட்டில் இருந்த மாதங்களில் எதிர்ப்புற நிலமும் கிடைத்தது, இன்னும் ஆறு வேண்டும் என்று கேட்டார்கள். எங்கள் தலைமை டிராஃப்ட்ஸ்மேன், பிரிவில் எல்லோருக்கும் அவர் அண்ணா, அந்தக் காலத்து டிராஃப்ட்ஸ்மேன்கள் எல்லோரும் செய்வதைச் செய்தார். மறுபக்கமும் கோடு தெரியும் பழைய டிரேசிங் தாளைப் புரட்டிப் போட்டு, அதன்மேல் புதுத் தாளை வைத்து இழுத்தார். கண்ணாடியில் தெரிவதுபோல எதிர்ப்பக்கம் ஆறு கிடங்குகள் வந்துவிட்டன. எழுத்துகளை மட்டும் நேராக எழுதிக்கொண்டால் போதும். மூன்று நாள் வேலை அரை நாளில் முடிந்துவிடும். பள்ளிக்கூடம், குவார்ட்டர்ஸ், மோட்டார் ஷெட் எதற்கும் அப்படித்தான் செய்வார்கள், எந்தக் கேடும் வராது. நடுவில் ஒரே சாலை, இரண்டு பக்கமும் கிடங்கு, லாரி வர வசதி. ராணுவத் தரப்பும் சந்தோஷமாக ஒப்புக்கொண்டது.

தாளின் வலது மூலையில் நான்கு கட்டங்கள் இருக்கும். வரைந்தவர், இழுத்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர். மூன்றாவது கட்டம் என்னுடையது. அன்றைக்கு மணி ஐந்து. பால் கட்டி நெஞ்சு வலித்தது, ரவிக்கை நனைந்துவிடக் கூடாதே என்று கைக்குட்டையை மடித்து வைத்திருந்தேன். ஐந்தே கால் மின்சார ரயிலை விட்டால் அடுத்ததில் கூட்டம், ஏற முடியாது. ஸ்கேலை வைத்து ஒவ்வொரு அளவையும் பார்த்தேன். நீளம் சரி, அகலம் சரி, சுவர் கனம் சரி, இரண்டு வரிசைக்கும் நடுவே இருந்த தூரம் சரி. புரட்டிப் போட்ட தாளில் ஒரு அளவும் மாறாது, அதுதான் சங்கடம். கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினேன்.

அதன் பிறகு பல வாரங்கள் அந்தத் தாள் என் நினைவிலேயே இல்லை.

அந்தச் சனிக்கிழமை குழந்தைக்குத் தடுப்பூசி. பம்மல் பக்கம் ஒரு குழந்தை டாக்டரிடம் போடுவது வழக்கம். பஸ் இறங்கி நடக்கும் வழியில் கல் குவாரி. அப்போதெல்லாம் அந்தக் குன்றுகளில் மதியம் வெடி வைப்பார்கள், குரோம்பேட்டையில்கூட அலமாரிப் பாத்திரம் லேசாகக் கிணுங்கும். விசில் ஊதினார்கள். என் வயதே இருக்கும் ஒரு பெண், சிவப்புத் துணி கட்டிய குச்சியோடு சாலையில் வந்து நின்று வழியை மறித்தாள். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எதிரே இருந்த ஒரு மதில் சுவரோரம் ஒதுங்கினேன். நிழல் இருந்தது, நல்ல இடம் என்று நினைத்தேன்.

“யக்கா, குயந்தைய வெச்சிகினு அங்க நிக்காத. அது வாய்ப் பக்கம்.”

புரியாமல் நின்றேன். அவளே வந்து என் கையைப் பிடித்து இழுத்து, குவாரியின் பின்புறம் ஒரு மண் குவியலுக்கு மறைவாக நிறுத்தினாள். இங்கே இன்னும் கிட்டத்தில் இருக்கிறோமே என்று கேட்டேன்.

“கிட்ட எட்டல்லாம் இல்லக்கா. கல்லு வாய்ப் பக்கமாத்தான் பறக்கும். முன்ன ஒருத்தன் அங்கதான் டீக்கடை போட்டான், எதிர்த்தாப்புல. வாய்க்கு நேரா வாசல் வெச்சா ஆவுமா? பாய்லர்லாம் நசுங்கிப் பூடுச்சி. அவன் நல்ல நேரம், பாலு வாங்கப் போயிருந்தான்.”

வெடித்தது. காலுக்கடியில் தரை அசைந்தது. குழந்தை அழக்கூட இல்லை, கண்ணை மட்டும் அகல விரித்தாள். நான் சற்று முன்பு நின்ற மதிலில் பொடிக்கல் சடசடவென்று அடித்துத் தூசு எழுந்தது. எங்கள் பக்கம் ஒரு துகள்கூட வரவில்லை.

அவள் போகலாம் என்று சொன்ன பிறகும் நான் நகரவில்லை. பயந்துவிட்டேன் என்று நினைத்து, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். எனக்கு அந்தச் சுவர் தெரியவில்லை. மூலையில் என் கையெழுத்தோடு அந்தத் தாள் தெரிந்தது. ஒரு சாலை, இந்தப் பக்கம் ஆறு கதவு, அந்தப் பக்கம் ஆறு கதவு. வாய்க்கு நேராக வாய்.

அலுவலகம் திங்கட்கிழமைதான் திறக்கும். அதுவரை அந்தத் தாளை நான் பார்க்க முடியாது. நினைவில் இருப்பது சரிதானா? ஒருவேளை கதவுகளுக்கு எதிரே தனியாக மண் அணை வரைந்திருந்தார்களோ? தூரத்தை அதற்கேற்பக் கூட்டியிருந்தார்களோ? என் மனதுக்கு இப்படியெல்லாம் கேட்கச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு தீப்பெட்டிகளை எடுத்துக் கூடத்தில் தரையில் வைத்தேன். கடையில் ஒரு கட்டாக வாங்கியபோது, வீட்டில் ஏதும் விசேஷமா என்று கடைக்காரர் கேட்டார். குச்சிகளையெல்லாம் ஒரு டப்பாவில் கொட்டி, அந்த டப்பாவை அலமாரியின் மேல்தட்டில் வைத்து, அடுப்புக்குத் தள்ளித்தான் இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன். கோதுமை மாவைப் பிசைந்து ஒவ்வொரு பெட்டிக்கும் மூன்று பக்கமும் தலையிலும் அப்பினேன். முன்பக்கத்தில் மை பேனாவால் கதவு. ஷிப்ட் முடிந்து வந்த என் கணவர், இன்றைக்குச் சப்பாத்தியா என்று ஆவலாகக் கேட்டார். குழந்தை அதற்குள் ஒரு கிடங்கின் மண்ணைப் பாதி தின்றிருந்தாள்.

எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். இடத்தைச் சொல்லவில்லை, விஷயத்தைச் சொன்னேன். ப்ரொபேஷன் இன்னும் முடியவில்லை, விடுப்பால் தள்ளிப் போயிருக்கிறது, இப்போது போய் நான் பார்த்தது தப்பு என்று நானே சொன்னால் வேலை நிரந்தரமாகுமா என்று கேட்டேன். அதைவிட, ஒன்றுமில்லாததற்கு ராணுவ வேலையை நிறுத்தினேன் என்று ஆகிவிட்டால்?

அவர் குழந்தையின் வாயிலிருந்து மாவை விரலால் எடுத்துக்கொண்டே சொன்னார். “அடுப்பையும் நீ இப்படித்தான் சொல்லுவ.”

எனக்குச் சுருக்கென்றது. தீப்பெட்டிகளைப் பொறுக்க ஆரம்பித்தேன். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார் என்று தெரியும். ஆனால் நான் பயந்ததும் அதையேதான். எத்தனை முறை திரும்பிப் போனேனோ அத்தனை முறையும் அடுப்பு அணைந்துதானே இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவரே மறுபடி சொன்னார். “அடுப்புன்னா என்ன பண்ணுவ? திரும்பிப் போய்ப் பாத்துட்டுத்தானே வருவ. போய்ப் பாரு. அணைஞ்சிருந்தா வந்துடு.”

திங்கட்கிழமை முதல் ஆளாகப் போய்த் தாளை விரித்தேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

பன்னிரண்டு கதவுகள், ஆறுக்கு ஆறு, நேருக்கு நேர். மண் அணை எதுவும் இல்லை. விதிப்புத்தகத்தில் தூரங்களுக்கு ஓர் அட்டவணை உண்டு. கதவுக்கு எதிரே முதுகு இருந்தால் ஒரு பத்தி, கதவுக்கு எதிரே கதவு இருந்தால் அதைவிடப் பல மடங்கு தூரம் கேட்கும் வேறு பத்தி. எங்கள் வரைபடத்தில் இருந்தது முதல் பத்தியின் தூரம். தாளைப் புரட்டியபோது கிடங்கு புரண்டது, தூரம் மட்டும் புரளவில்லை. மூன்றாவது கட்டத்தில் என் கையெழுத்து அழகாக, அவசரமே இல்லாததுபோல இருந்தது.

எங்கள் பிரிவுத் தலைவர் அன்று ஊருக்குள் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. மறுபடி கணக்குப் போட்டுவிட்டுச் சொல்லலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டாவது வரிசையைத் திருப்பினால் சாலை எங்கே போகும், ஏரிப் பக்கம் எவ்வளவு மண் நிரப்ப வேண்டும், திருப்பாமல் நடுவில் மண் அணை போட்டால் லாரி திரும்ப இடம் இருக்குமா, எல்லாவற்றையும் மூன்று முறை போட்டேன். மூன்று முறையும் ஒரே விடை. அந்த ஒரு நாளை நான் வீணாக்கினேன் என்றும் சொல்லலாம். மறுநாள் அந்தக் கணக்குதான் கைகொடுத்தது என்றும் சொல்லலாம். எது சரி என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை முதலில் டிராஃப்ட்ஸ்மேன் அண்ணாவிடம் போனேன். அவருக்குத் தெரியாமல் மேலே போவது சரியாகப் படவில்லை. அவர் கேட்டுவிட்டுப் பொறுமையாகச் சிரித்தார். அளவு எதிலாவது தப்பு இருக்கிறதா என்றார். இல்லை என்றேன். இந்தக் கையால் எத்தனை வருடமாகத் தாள் புரட்டுகிறேன் தெரியுமா என்றார். நான் பையிலிருந்து தீப்பெட்டிகளை எடுத்து அவர் பலகைமேல் அடுக்கினேன். மாவு காய்ந்து வெடித்திருந்தது, ஒன்றில் குழந்தையின் பல் பதிந்திருந்தது. பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்து, “வெடிமருந்துக் கெடங்குக்குத் தீப்பெட்டியா மேடம், நல்ல பொருத்தம்” என்றார்.

“அண்ணா, இந்தக் கதவுகிட்ட கண்ணை வெச்சுப் பாருங்க. என்ன தெரியுது?”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். முதல் வரிசையில் ஒரு பெட்டியின் கதவருகே கன்னத்தைப் பலகையில் வைத்துப் பார்த்தார். நிமிரவே இல்லை. அடுத்த பெட்டிக்கு நகர்ந்தார், அதற்கடுத்ததற்கு நகர்ந்தார். சிரிப்பு போயிருந்தது.

“எதிர்க்கதவு தெரியுதும்மா” என்றார். அதுவரை மேடம் என்றுதான் கூப்பிடுவார். பிறகு டிரேசிங் தாளைச் சுருட்டித் தானே கையில் எடுத்துக்கொண்டார். “வாங்க, சார் வந்துட்டாரு.”

தலைவர் அதிகம் பேசாத மனிதர். பிளாஸ்கில் வெந்நீர் வைத்துக் குடித்துக்கொண்டே இருப்பார். அண்ணா உள்ளே போனதும் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, தாளைப் புரட்டியது தான்தான் என்று சொல்லிவிட்டார். பார்த்துக் கையெழுத்துப் போட்டது நான் என்று நான் சொன்னேன். யார் முதலில் பழியை எடுப்பது என்று போட்டிபோல இருந்தது. தலைவர் இரண்டு பேரையும் கையமர்த்திவிட்டு விதிப்புத்தகத்தைத் திறந்து, அட்டவணையில் ஸ்கேலை வைத்து வரி வரியாக இறங்கினார். பிறகு தாளில் தூரத்தை அளந்தார். மறுபடி அட்டவணை. வெந்நீர் ஆறிவிட்டது.

எப்போது கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். சனிக்கிழமை சந்தேகம் வந்தது, திங்கட்கிழமை உறுதியானது என்றேன்.

“இன்னைக்குச் செவ்வாய்” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். எனக்குக் காது சூடாகிவிட்டது.

பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். நடுவில் மண் அணை போட்டால்? லாரி திரும்ப முடியாது சார், சாலை அகலம் போதாது. கிடங்கைத் தள்ளிப் போட்டால்? நிலம் இல்லை, ஏரி வந்துவிடும். திருப்பினால்? முதல் வரிசைக் கதவுக்கு எதிரே இரண்டாவது வரிசையின் முதுகு வந்துவிடும், இப்போது இருக்கும் தூரமே போதும். ஆனால் இரண்டாவது வரிசைக்கு அந்தப் பக்கம் புதுச் சாலை வேண்டும், ஏரிப் பக்கம் கொஞ்சம் மண் நிரப்ப வேண்டும். எவ்வளவு என்றார். தாளை நீட்டினேன். மூன்று முறை போட்ட கணக்கு. அவர் ஒரே முறை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

ராணுவத் தரப்பு அதிகாரிக்குப் போன் போட்டார். ஒரே சாலை என்பதில் அவருக்குத்தான் அதிக சந்தோஷம் என்று எங்களுக்குத் தெரியும். தலைவர் ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னார், எதிர்ப்பக்கம் நெடுநேரம் பேச்சு. தலைவர் ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“இது பிழையா, இல்ல உங்க அபிப்பிராயமான்னு கேக்கறாரு.”

இதைவிட நல்ல கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அபிப்பிராயம் என்றால் பேசி ஆற்றிவிடலாம். நான் தப்பித்துக்கொள்ளவும் ஒரு சின்ன வழி அதில் இருந்தது. என் வாழ்க்கையில் இரண்டாவது முறை யோசிக்காமல் நான் சொன்ன பதில்கள் கொஞ்சம்தான்.

“பிழை சார். என்னோடது.”

அவர் அதை அப்படியே போனில் சொன்னார். எதிர்ப்பக்கத்திலிருந்து இரண்டே வார்த்தை வந்திருக்க வேண்டும். தலைவர் ரிசீவரை வைத்துவிட்டு, “திருப்பிடுங்க” என்றார்.

சைட்டுக்குப் போன் கிடைக்கவில்லை. தாம்பரம் தாண்டிவிட்டால் அப்போது அதுதான் நிலைமை. எழுத்தில் உத்தரவோடு யாராவது போக வேண்டும், காலையில் கலவை மெஷின் சுற்றுவதற்கு முன் போக வேண்டும். எங்கள் தெருமுனை மருந்துக்கடைக்குப் போன் செய்து, நான் வர நேரமாகும் என்று கீழ் வீட்டு அக்காவிடம் சொல்லச் சொன்னேன். ஜீப்பில் ஏறிய பிறகு, மருந்துக்கடைக்காரர் சொல்லியிருப்பாரா என்று கவலை. பால் புட்டியைக் குழந்தை வாங்குமா என்று கவலை. சேலையூர் தாண்டும்போது இறங்கிவிடலாமா என்றுகூட நினைத்தேன். தலைவர் முன்சீட்டில் இருந்தார். அண்ணா என் பக்கத்தில் புது டிரேசிங்கை மடிமேல் வைத்துக்கொண்டு வந்தார். மதியம் சாப்பிடாமல், இந்த முறை புரட்டாமல் வரைந்தது.

வெயில் சாயும் நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். சாலைக்கு இந்தப் பக்கம் முதல் வரிசைச் சுவர்கள் எழும்பியிருந்தன. அந்தப் பக்கம் ஆறு பள்ளங்கள், உள்ளே கட்டிய கம்பி, பக்கத்தில் ஜல்லிக் குவியல். கதவு வரும் பக்கத்தில் மட்டும் அஸ்திவாரம் அகலமாக இருக்கும். அந்த அகலம் ஆறிலும் சாலைப் பக்கம் இருந்தது. காண்டிராக்டரின் மேஸ்திரி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“பள்ளம் எட்த்தாச்சு, கம்பி கட்டியாச்சு. இப்ப வந்து வாசல அந்தாண்ட வையின்னா? இன்னா சார், மனையடி சாஸ்திரம் சரியா இல்லியா?”

தலைவர் என்னைப் பார்த்தார். விளக்க ஆரம்பித்தால் இருட்டிவிடும். ஆமாம், கிழக்குப் பார்த்த வாசல்தான் வேண்டும் என்றேன். அது பொய்யும் இல்லை. முதல் வரிசை கிழக்குத்தான் பார்த்தது. மேஸ்திரி ஒரு நிமிடம் யோசித்தார். அப்புறம் முகம் தெளிந்துவிட்டது. இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா, மேற்குப் பார்த்து வாசல் வைக்கிறார்களே என்று தனக்கு அப்போதே மனசு கேட்கவில்லை என்றார். நான் பொறியியல் படித்துவிட்டு வந்து தவறவிட்டதை அவர் வேறு ஒரு வழியில் சந்தேகப்பட்டிருக்கிறார். சொல்லத்தான் இல்லை.

சுண்ணாம்புத் தூளும் கயிறும் கொண்டுவந்தார்கள். அண்ணா டேப்பின் ஒரு முனையைப் பிடித்தார், நான் மறுமுனையைப் பிடித்தேன். ஏரிப் பக்கம் ஆறு புதுக் கோடுகள் போட்டோம். ஒவ்வொரு கோட்டையும் நான் இரண்டு முறை அளந்தேன். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. அண்ணா தானாகவே மூன்றாவது முறையும் அளந்தார். வேலை முடிந்து கிளம்பிக்கொண்டிருந்த சித்தாள் பெண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். மேஸ்திரி தன் ஆட்களைக் கூப்பிட்டு, காலையில் முதல் வேலை புதுக் கோட்டில் பள்ளம் வெட்டிக் கம்பியை மாற்றுவது, கலவை பிறகுதான் என்று எங்கள் எதிரிலேயே சொன்னார்.

வீடு வந்து சேர்ந்தபோது குழந்தை அக்காவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். புட்டிப் பால் முழுவதும் குடித்தாளாம், ஒரு சொட்டு வைக்கவில்லையாம். அக்கா பாதி தைத்த ரவிக்கைத் துணியை மடித்துக்கொண்டே, “நீ இல்லாட்டி ஊரே கவுந்துடாது, பாத்தியா?” என்றார். அன்றிரவு மூன்று முறை ரசம் சாதம் போட்டுக்கொண்டேன். என் கணவர் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்பு எரிந்ததா என்று கேட்டார். எரிந்தது என்றேன். அதற்கப்புறம் அவர் அந்தக் கிண்டலைச் செய்ததே இல்லை.

இரண்டு வாரம் கழித்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. ஒரே தாளில் இரண்டு பத்திகள். முதல் பத்தி, சரிபார்க்கும்போது கதவுத் திசையைக் கவனிக்காதது ஏன் என்று விளக்கம் கேட்டது. இரண்டாவது பத்தி, கட்டுமானத்துக்கு முன் பிழையைக் கண்டறிந்து வெளிப்படுத்தியதற்குப் பாராட்டைப் பதிவு செய்தது. இரண்டின் கீழும் தலைவரின் ஒரே கையெழுத்து. முதல் பத்திக்கு இருந்ததை இருந்தபடி எழுதிக் கொடுத்தேன், பால் கட்டிய விஷயத்தை மட்டும் விட்டுவிட்டேன். சில மாதங்களில் வேலை நிரந்தரமானது.

அதன் பிறகு எங்கள் பிரிவிலிருந்து வெளியே போன எந்தக் கிடங்கு வரைபடத்திலும் ஒவ்வொரு கதவிலிருந்தும் ஓர் அம்புக்குறி கிளம்பும். அந்த அம்பு எதில் போய் முட்டுகிறது என்று எழுதிய பிறகுதான் மூன்றாவது கட்டத்தில் கையெழுத்து. இதை முதலில் செய்ய ஆரம்பித்தவர் அண்ணாதான். தாள் புரட்டுவதை அவர் நிறுத்தவில்லை, மோட்டார் ஷெட்டுக்கெல்லாம் புரட்டிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் கிடங்கு என்று வந்தால் மேசை டிராயரைத் திறப்பார். என்னுடைய பன்னிரண்டு தீப்பெட்டிகளும் அதில் இருந்தன. மாவு உதிர்ந்துபோனதால் அவரே களிமண் அப்பிப் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார். வெளியூர் அலுவலகங்களிலிருந்து வந்தவர்கள் அந்த அம்புக்குறியைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள். அப்படி ஒருவர் எழுதிக்கொண்டிருந்தபோது நான் பக்கத்து மேசையில் ஒன்றும் தெரியாததுபோல உட்கார்ந்திருந்தேன். உள்ளுக்குள் இருந்த சந்தோஷத்தில் பென்சிலைச் சீவிச் சீவிப் பாதியாக்கிவிட்டேன்.

கிடங்குகள் முடிய இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. ஒப்படைப்பதற்கு முன்னால் பூஜை போட்டார்கள். உள்ளே இன்னும் எதுவும் வைக்கவில்லை என்பதால் அந்த ஒரு நாள் மட்டும் குடும்பத்தை அழைத்து வர அனுமதித்தார்கள். மகளுக்கு அப்போது மூன்று வயது. மழை பெய்து முடிந்திருந்த சமயம், மண் முதுகெல்லாம் புல் அடர்ந்து பச்சைப் பசேலென்று இருந்தது. மேஸ்திரி புது வேட்டியில், மாலையோடு நின்று, வந்தவர்களிடமெல்லாம் இது சாஸ்திரம் பார்த்துக் கட்டின கிடங்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார். தலைவர் மறுக்கவில்லை. என்னைப் பார்த்து முதல் முறையாகச் சிரித்தார் என்று நினைக்கிறேன். வெயில் கூச்சமாகவும் இருக்கலாம்.

எல்லோரும் சுண்டல் வாங்கிக்கொண்டிருந்தபோது நான் மகளை அழைத்துக்கொண்டு முதல் வரிசைக்குப் போனேன். முதல் கதவில் முதுகைச் சாய்த்து நின்று நேராகப் பார்த்தேன். சாலைக்கு அப்பால் புல் மேடு. அடுத்த கதவுக்குப் போனேன். புல் மேடு. ஆறு கதவிலும் நின்றேன். பிறகு இரண்டாவது வரிசைக்குப் போய் அந்த ஆறிலும் நின்றேன். எதிரே ஏரி, அதன்மேல் இரண்டு நாரைகள். எந்தக் கதவிலிருந்தும் இன்னொரு கதவு தெரியவில்லை.

கடைசிக் கதவில் மகள், கண்ணாமூச்சி விளையாடலாம் என்றாள். சுண்டலோடு எங்களைத் தேடி வந்த என் கணவரிடம் அவளை அங்கேயே நிறுத்திவிட்டு நான் சாலையைத் தாண்டி முதல் வரிசைக்கு வந்தேன். அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவள் தெரியவில்லை. அவள் பிறந்ததிலிருந்து, தெரியாத இடத்தில் அவள் ஒரு நிமிடம் இருந்தால்கூட எனக்கு மூச்சு முட்டும். நடுவில் மலைபோல மண், அதன்மேல் புல், அதற்கு அந்தப் பக்கமிருந்து அவள் குரல் மட்டும் வந்தது.

“அம்மா, நான் தெரியறேனா?”

“தெரியலடா கண்ணு” என்று கத்தினேன். “கொஞ்சங்கூடத் தெரியல.”

கதவில் சாய்ந்துகொண்டு, விரல்விட்டுப் பத்துவரை எண்ணினேன். அவசரப்படாமல், ஒரே ஒரு முறைதான் எண்ணினேன். பிறகு அவளைத் தேடிப் போனேன்.